மறந்துடாதே! ஜெர்மனில் அன்பாக நினைவூட்டுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டை விட்டுக் கிளம்புகிறவரின் பின்னாலேயே வாசல்வரை வந்து "சாவியை மறந்துடாத", "குடையை விட்டுட்டுப் போயிடாத" என்று சொல்லாத தமிழ் வீடு இருக்காது. ஜெர்மன் வீடுகளிலும் அதே வாசல், அதே பேச்சுதான். ஆனால் ஜெர்மன் படிக்கிற நம்மவர்கள் பலர் இந்த ஒரு வாக்கியத்தில்தான் தடுமாறுகிறார்கள். ஒன்று, 'இல்லை' என்ற சொல்லை இடம் மாற்றி வைத்து அர்த்தத்தைத் தலைகீழாக்கிவிடுகிறார்கள். அல்லது அதட்டுவதுபோல் ஆகிவிடுமோ என்று பயந்து சொல்லாமலே விட்டுவிடுகிறார்கள். ஆரம்பநிலை மாணவர்களுக்கு ஜெர்மன் கற்றுத்தருகிற நான் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன்.

ஜெர்மன் சொற்களைத் தமிழ் எழுத்தில் எப்படி வாசிப்பது?

'நிஹ்ட்' என்று நான் எழுதுவதுதான் ஜெர்மனின் 'இல்லை, வேண்டாம்' சொல். அதன் நடுவில் வரும் ஒலி ஹ-வும் இல்லை, ஷ-வும் இல்லை. 'ஈ' என்று சொல்லும்போது நாக்கு எங்கே இருக்கிறதோ அங்கேயே வைத்துக்கொண்டு காற்றை மட்டும் ஊதினால் அது வரும். 'ஃபெர்கிஸ்' என்பதில் கி-யை 'மார்கழி'யில் வரும் க போல மெத்தென்று சொல்லுங்கள். 'ஸீ', 'ஸோ' என்று எழுதிய இடங்களில் ஸ-வைக் கொஞ்சம் ரீங்காரத்தோடு சொல்ல வேண்டும். மற்றவற்றைக் காது பழக்கிக்கொள்ளும்.

'மறந்துடாதே' என்பதற்கு நேரான சொல் எது?

'ஃபெர்கிஸ் நிஹ்ட்!' அவ்வளவுதான். ஃபெர்கெஸன் என்றால் மறப்பது. நெருக்கமான ஒருவரிடம், அதாவது 'டூ' என்று அழைக்கிறவரிடம், அதை ஏவலாகச் சொல்லும்போது 'ஃபெர்கிஸ்' ஆகிறது. கூடவே நிஹ்ட்.

எதை மறக்கக்கூடாது என்பது ஒரு பொருளாக இருந்தால் அந்தப் பொருள் நடுவில் வந்து, நிஹ்ட் கடைசிக்குப் போகும். 'ஃபெர்கிஸ் டேன் ஷ்ல்யுஸல் நிஹ்ட்!' என்றால் சாவியை மறந்துடாதே. 'ஃபெர்கிஸ் டைனெ யக்கெ நிஹ்ட்!' என்றால் உன் ஜாக்கெட்டை மறந்துடாதே.

மறக்கக்கூடாதது ஒரு செயலாக இருந்தால் நிஹ்ட் முன்னாலேயே நின்றுவிடும், செயல் பின்னால் வரும். 'ஃபெர்கிஸ் நிஹ்ட், ஓமா அன்ட்சுரூஃபன்!' என்றால் பாட்டிக்கு போன் பண்ண மறந்துடாதே. பொருள் என்றால் நிஹ்ட் கடைசியில், செயல் என்றால் நிஹ்ட் முன்னால். இந்த ஒன்றை மனதில் நிறுத்திக்கொண்டால் நினைவூட்டலில் பாதி வேலை முடிந்தது.

'ஃபெர்கெஸ்' என்று சொல்லக்கூடாதா? ஏன் 'ஃபெர்கிஸ்'?

சில வினைகளில் 'டூ' வந்தால் எ-ஒலி இ-யாக மாறும். நீ மறக்கிறாய் என்பது 'டூ ஃபெர்கிஸ்ட்'. அதில் டூ-வையும் கடைசி ட்-டையும் எடுத்துவிட்டால் ஏவல் கிடைத்துவிடும்: ஃபெர்கிஸ். 'நேமன்' (எடுப்பது) 'நிம்' ஆவதும், 'லேஸன்' (படிப்பது) 'லீஸ்' ஆவதும், 'எஸன்' (சாப்பிடுவது) 'இஸ்' ஆவதும் இதே வழியில்தான்.

ஜெர்மானியர்களே பேச்சில் 'ஃபெர்கெஸெ நிஹ்ட்' என்று சொல்வதை நீங்கள் கேட்கலாம். பேச்சில் ஓடுகிறது. ஆனால் தேர்விலும் எழுத்திலும் அது பிழை. கற்கும்போதே சரியான வடிவத்தைப் பழகிவிடுங்கள், பிறகு மாற்றுவது கடினம்.

இன்னொரு வகை வினைகள் உண்டு. 'ஃபாரன்' (வண்டியில் போவது, ஓட்டுவது) என்பது டூ-வோடு 'ஃபேர்ஸ்ட்' என்று ஒலி மாறும். ஆனால் ஏவலில் அந்த மாற்றம் வராது. 'ஃபார் நிஹ்ட் ஸோ ஷ்னெல்!' (அவ்வளவு வேகமா ஓட்டாதே) என்றுதான் சொல்ல வேண்டும். ஷ்லாஃபன், லௌஃபன் போன்றவையும் இப்படியே. எ-யிலிருந்து இ-க்குப் போகும் வினைகள் மட்டுமே ஏவலிலும் மாற்றத்தைக் கொண்டுவரும்.

வினையின் அடி ட-ஒலியில் முடிந்தால் சொல்ல வசதியாக ஒரு எ சேரும்: 'வார்ட்டெ நிஹ்ட் அவுஃப் மிஹ்!' (எனக்காகக் காத்திருக்காதே). 'இரு' என்பதற்கான 'ஸை' தனி வடிவம்: 'ஸை நிஹ்ட் ப்யோஸெ!' (கோவிச்சுக்காதே).

'மறக்காம கதவைப் பூட்டு' என்று நாம் சொல்வதை அப்படியே ஜெர்மனில் சொல்லலாமா?

முடியாது. நிறையப் பேர் விழும் குழி இது. தமிழில் நமக்கு அழகான ஒரு வசதி இருக்கிறது: 'மறக்காம' என்று எதிர்மறையை முன்னால் வைத்துவிட்டு, ஏவலை உடன்பாட்டிலேயே சொல்லிவிடுகிறோம். 'மறக்காம சாப்பிடு', 'மறக்காம பணம் கட்டு'. ஜெர்மனில் 'மறக்காமல்' என்பதைச் சொல்லுக்குச் சொல் கட்டலாம்தான், ஆனால் அப்படி யாரும் நினைவூட்டுவதில்லை. கேட்பவருக்குப் புரியும், பேச்சாக ஒலிக்காது. அங்கே ஏவல் வடிவம் எடுப்பது மறத்தல்தான். பூட்டுதல் அதற்குப் பின்னால் வரும்: 'ஃபெர்கிஸ் நிஹ்ட், டீ ட்யூர் அப்ட்சுஷ்லீஸன்!'

ஆனால் இதில் தமிழருக்கு ஒரு பெரிய அனுகூலம் இருக்கிறது, அதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்கே உற்சாகமாக இருக்கும். 'ஃபெர்கிஸ் நிஹ்ட்' என்று சொல்லி ஒரு மூச்சு விட்டபிறகு, மீதி வாக்கியம் அப்படியே தமிழ் வரிசையில் ஓடும். 'ஃபெர்கிஸ் நிஹ்ட், மொர்கன் உம் அஹ்ட் டீ டொன்னெ அன் டீ ஷ்ட்ராஸெ ட்சு ஷ்டெல்லன்.' சொல்லுக்குச் சொல் பாருங்கள்: நாளைக்கு, எட்டு மணிக்கு, குப்பைத்தொட்டியை, தெருவில், வைக்க. வினை கடைசியில். மற்ற மொழிக்காரர்கள் சிரமப்பட்டுப் பழகும் இந்த வரிசை நமக்குப் பிறந்ததிலிருந்தே நாக்கில் இருக்கிறது.

இந்த 'ட்சு' எங்கே வரும்?

செயலைச் சொல்லும் பகுதியில் வினைக்கு முன்னால் 'ட்சு' வரும். 'டீ மீட்டெ ட்சு யூபர்வைஸன்' என்றால் வாடகையை வங்கி வழியே அனுப்ப. பிரியும் வினைகளில் (முன்பகுதி தனியாகக் கழன்று நிற்கக்கூடிய வினைகளில்) மட்டும் அது வினையின் உள்ளே புகுந்துவிடும்: 'அப்-ட்சு-ஷ்லீஸன்' (பூட்ட), 'அவுஸ்-ட்சு-மஹன்' (அணைக்க), 'அன்-ட்சு-ரூஃபன்' (போன் பண்ண). மூன்றும் சேர்ந்து ஒரே சொல்லாக எழுதப்படும்.

செயலுக்கு முன் காற்புள்ளி வேண்டுமா என்றும் கேட்பார்கள். 1996-இன் எழுத்துச் சீர்திருத்தம் இதைப் பெரும்பாலும் எழுதுகிறவர் விருப்பத்துக்கு விட்டிருந்தது. 2024-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, வேறு சொற்களும் சேர்ந்து வரும் இப்படிப்பட்ட தொடர்களுக்குக் காற்புள்ளி கட்டாயம். போட்டுவிடுங்கள், படிப்பவருக்கும் மூச்சு விட இடம் கிடைக்கும்.

'லைட்டை அணைக்க மறக்காதே' என்று சொல்ல நினைத்தேன், நண்பர் விடிய விடிய லைட்டை எரியவிட்டார். என்ன தப்பு?

நீங்கள் சொன்னது 'மஹ் டஸ் லிஹ்ட் நிஹ்ட் அவுஸ்!' என்றிருக்கும். அதற்கு அர்த்தம் லைட்டை அணைக்காதே. நண்பர் நீங்கள் சொன்னபடிதான் செய்தார்.

நினைவூட்டலில் நிஹ்ட் மறுப்பது மறதியை. செயலை அல்ல. மறத்தல் என்ற வினையை விட்டுவிட்டால், நிஹ்ட் போய்ச் செயல்மேல் உட்கார்ந்துகொள்ளும். போன் விஷயத்திலும் அப்படித்தான். 'ரூஃப் மிஹ் நிஹ்ட் அன்!' என்றால் எனக்கு போன் பண்ணாதே. 'ஃபெர்கிஸ் நிஹ்ட், மிஹ் அன்ட்சுரூஃபன்!' என்றால் போன் பண்ண மறந்துடாதே. முதலாவதைக் கேட்ட தோழி, நீங்கள் கோபமாக இருப்பதாக நினைத்து ஒரு வாரம் பேசாமல் இருக்கவும் வாய்ப்புண்டு.

என் மாணவி ஒருத்தி வெளியூர் கிளம்பும் அவசரத்தில் அறைத்தோழிக்குச் சமையலறை மேசைமேல் ஒரு சீட்டு வைத்துவிட்டுப் போனாள்: 'பிட்டெ ஹைட்சுங் நிஹ்ட் அவுஸ்மஹன்.' ஹீட்டரை அணைக்க மறக்காதே என்பதுதான் அவள் மனதில் இருந்தது. சீட்டில் இருந்தது 'தயவுசெய்து ஹீட்டரை அணைக்க வேண்டாம்'. வெள்ளி மாலையிலிருந்து ஞாயிறு இரவுவரை யாருமில்லாத வீட்டில் ஹீட்டர் எரிந்துகொண்டிருந்தது. அந்தத் தோழிமேல் ஒரு குறையும் சொல்ல முடியாது, எழுதியிருந்ததை மதித்து நடந்திருக்கிறாள். சரியான சீட்டு இப்படி இருந்திருக்க வேண்டும்: 'நிஹ்ட் ஃபெர்கெஸன்: ஹைட்சுங் அவுஸ்மஹன்!' முதலில் மறக்காதே, பிறகு ஒரு முக்காற்புள்ளி, பிறகு செயல். சீட்டெழுத இதைவிடப் பத்திரமான வழி கிடையாது.

சீட்டிலும் அறிவிப்பிலும் ஏன் 'நிஹ்ட் ஃபெர்கெஸன்' என்று திருப்பி எழுதுகிறார்கள்?

அது யாரிடம் சொல்வது என்று குறிக்காத ஏவல். வினையின் முழு வடிவம் மாறாமல் கடைசியில் நிற்கும், நிஹ்ட் அதற்கு முன்னால். நீயா, நீங்களா, ஒருவரா, பலரா என்ற கேள்வியே எழாது. அதனால்தான் பூங்காப் பலகையில் 'ராஸன் நிஹ்ட் பெட்ரேட்டன்' (புல்தரையில் நடக்காதீர்) என்று இருக்கிறது. குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டும் மஞ்சள் தாளிலும் இதே அமைப்புதான் வசதி.

நான் ஜெர்மனிக்கு வந்த முதல் மாதம் குப்பையைக் கீழே போடப் போனேன். அங்கே பல அடுக்குமாடி வீட்டுக் கதவுகளுக்கு வெளிப்பக்கம் கைப்பிடி இருக்காது, திருப்ப முடியாத ஒரு குமிழ்தான் இருக்கும். கதவு சாத்திக்கொண்டால் சாவி இல்லாமல் திறக்காது. பூட்டுத் திறப்பவரைக் கூப்பிட்டால், அதுவும் இரவில், நல்ல தொகை கேட்பார்கள். நான் கூப்பிடவில்லை, மாடிப்படியில் உட்கார்ந்து அறைத்தோழர் வரும்வரை காத்திருந்தேன். அவர் வந்தார், ஒன்றும் சொல்லாமல் திறந்துவிட்டார். மறுநாள் காலை கதவின் உட்புறத்தில், சரியாக என் கண் உயரத்தில், ஒரு தாள் ஒட்டியிருந்தது: 'ஷ்ல்யுஸல் நிஹ்ட் ஃபெர்கெஸன்!' பக்கத்தில் பென்சிலால் ஒரு சின்னச் சாவிப் படம். அந்த வீட்டில் இருந்த காலம் முழுக்க அது அங்கேயே இருந்தது. ஒரு மொழியில் நமக்காக யாரோ அக்கறைப்பட்டு எழுதிய முதல் வாக்கியம் எப்படி மறக்கும்?

சாவி பற்றிய இன்னொரு வாக்கியத்தையும் அந்த வீட்டில்தான் கற்றேன்: 'லஸ் டேன் ஷ்ல்யுஸல் நிஹ்ட் ஷ்டெக்கன்!' சாவியை உள்பக்கம் துளையிலேயே விட்டுவிடாதே என்று அர்த்தம். உள்ளே சாவி செருகியிருந்தால் பல பூட்டுகளை வெளியிலிருந்து இன்னொரு சாவி போட்டும் திறக்க முடியாது. இங்கே மறுக்கப்படுவது மறதி இல்லை, செயலேதான். அதனால் 'ஃபெர்கிஸ்' தேவைப்படவில்லை.

இப்படி எதிர்மறையில் ஏவினால் அதட்டுவதுபோல் இருக்காதா?

இருக்காது. மாணவர்கள் மனதில் இருக்கும் பெரிய தயக்கம் இதுதான். 'மறந்துடாத' என்று அம்மா சொல்வதை நாம் அதட்டலாகவா எடுத்துக்கொள்கிறோம்? ஜெர்மனிலும் நண்பர்கள், வீட்டார், அறைத்தோழர்கள் நடுவே 'ஃபெர்கிஸ் நிஹ்ட்' சாதாரண அக்கறைப் பேச்சு. 'எர்கெல்டெ டிஹ் நிஹ்ட்!' (சளி பிடிச்சுக்காதே), 'மஹ் டீர் கைனெ ஸொர்கன்!' (கவலைப்படாதே) எல்லாம் இதே அச்சில் வார்த்தவை. கனிவும் அதட்டலும் குரலில்தான் இருக்கிறது, இலக்கணத்தில் இல்லை.

மென்மை கூட்ட வேண்டுமென்றால் 'பிட்டெ' சேருங்கள்: 'ஃபெர்கிஸ் பிட்டெ டீ மில்ஹ் நிஹ்ட்.' அதைவிட மென்மையானது கேள்வியாகக் கேட்பது: 'டெங்க்ஸ்ட் டூ அன் டீ மில்ஹ்?' பாலை ஞாபகம் வெச்சுக்கிறியா? ஒரே விஷயத்தை இரண்டாம் முறை நினைவூட்டும்போது நான் கேள்வி வடிவத்துக்கே போவேன். மூன்றாம் முறை எந்த வடிவமும் உதவாது.

'டெங்க் ட்ரன்' என்றும் சொல்கிறார்களே, அதுவும் இதுவும் ஒன்றா?

ஏறக்குறைய. 'டெங்க் ட்ரன்!' என்றால் ஞாபகம் வெச்சுக்கோ. உடன்பாட்டு வடிவம், நிஹ்ட்டை எங்கே வைப்பது என்ற சிக்கலே இல்லை. 'டெங்க் அன் டேன் ம்யுல்!' என்றால் குப்பையை ஞாபகம் வெச்சுக்கோ. நிஹ்ட் இன்னும் கைவராதவர்கள் இதில் தொடங்கலாம். ஆனால் இதிலேயே நின்றுவிடாதீர்கள். வாசலில் கடைசி நொடியில் சொல்லும் அந்தப் பதைப்பு 'ஃபெர்கிஸ்' என்ற சொல்லில்தான் இருக்கிறது.

'லேட்டா மட்டும் வந்துடாத' என்று அழுத்திச் சொல்வது எப்படி?

இந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது. பதில் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. 'கொம் ப்ளோஸ் நிஹ்ட் ட்சு ஷ்பேட்!' என்பார்கள். ப்ளோஸ் என்றால் 'மட்டும்'. 'கொம் நூர் நிஹ்ட் ட்சு ஷ்பேட்!' என்றும் சொல்வதுண்டு, நூர் என்றாலும் 'மட்டும்'. ஒன்றுக்கொன்று உறவில்லாத இரண்டு மொழிகள், எச்சரிக்கையை அழுத்த ஒரே சொல்லை எடுத்திருக்கின்றன. இதை யாரும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, உங்கள் 'மட்டும்' எங்கே விழுகிறதோ அங்கே ப்ளோஸ் போட்டால் போதும்.

மூன்றாவதாக ஒன்று உண்டு, 'யா'. மற்ற இடங்களில் 'ஆமாம்' என்று பொருள்படும் அதே சொல். ஏவலில் அதை அழுத்திச் சொன்னால் கண்டிப்பாகிவிடும்: 'ஃபெர்கிஸ் யா நிஹ்ட், டேன் ஹேர்ட் அவுஸ்ட்சுமஹன்!' அடுப்பை அணைக்க மறந்தே, ஆமா, மறந்தே போயிடக் கூடாது! பிள்ளைகளிடம் பெற்றோர் சொல்வார்கள். புதிதாகப் பழகியவரிடம் இதைச் சொன்னால் மிரட்டல்போல் கேட்கும், தவிர்த்துவிடுங்கள்.

'ரயிலை விட்டுடப் போற!' என்பது?

இது ஏவல் இல்லை, ஆனால் நாம் நினைவூட்டப் பயன்படுத்துவது. ஜெர்மனிலும் இருக்கிறது, அதே பதைப்போடு: 'நிஹ்ட், டஸ் டூ டேன் ட்ஸூக் ஃபெர்பஸ்ட்!' சொல்லுக்குச் சொல் 'நீ ரயிலை விட்டுவிடுவதாக ஆகிவிடக் கூடாது'. முழு வாக்கியம்கூட இல்லை, அந்தரத்தில் தொங்கும் ஒரு துணைத்தொடர். பாடப்புத்தகத்தின் தொடக்க நிலைகளில் பெரும்பாலும் வராது, வீடுகளில் அடிக்கடி வரும். 'பாத்து, விழுந்துடப் போற' என்று சொல்லத் தெரிந்தவருக்கு இதன் உணர்ச்சி உடனே பிடிபடும்.

பெரியவர்களிடம், பலரிடம் எப்படிச் சொல்வது?

தமிழில் 'மறந்துடாதீங்க' என்பது இரண்டு வேலை பார்க்கிறது. மரியாதைக்குரிய ஒருவருக்கும் அதுவே, நான்கு நண்பர்களுக்கும் அதுவே. ஜெர்மனில் இவை இரண்டாகப் பிரிகின்றன. நண்பர்கள் பலர் என்றால் 'ஃபெர்கெஸ்ட் நிஹ்ட்!' இ-ஒலி போய் எ திரும்பி வந்ததைக் கவனியுங்கள். மரியாதையாக ஒருவரிடமோ பலரிடமோ என்றால் 'ஃபெர்கெஸன் ஸீ நிஹ்ட்'. நம் 'நீங்க' பழக்கத்தில் ஒரு மூத்த பக்கத்து வீட்டுக்காரரிடம் 'ஃபெர்கெஸ்ட்' என்று சொல்லிவிட்டால், கூட வேறு யாரோ இருப்பதுபோல் அவர் திரும்பிப் பார்ப்பார்.

வீட்டுப் பெரியவர்கள் விஷயம் வேறு. ஜெர்மன் குடும்பத்தில் பாட்டி தாத்தாவையும் டூ என்றுதான் அழைக்கிறார்கள். 'ஓமா, ஃபெர்கிஸ் டைனெ டப்லெட்டன் நிஹ்ட்!' என்று பத்து வயதுப் பேரன் சொல்வான். 'பாட்டி, மாத்திரை போட மறந்துடாதீங்க' என்பதற்குச் சமம் அது, மரியாதைக் குறைவு எதுவும் அதில் இல்லை.

மேலதிகாரிக்கோ அலுவலகத்துக்கோ எதிர்மறை ஏவல் வேண்டாம் என்பது என் கருத்து. 'டெங்கன் ஸீ பிட்டெ அன் டேன் டெர்மீன்' (சந்திப்பை நினைவில் கொள்ளுங்கள்) போன்ற உடன்பாட்டு வடிவம் அங்கே நன்றாகப் பொருந்தும்.

ஒரு தகவலை நினைவூட்ட வேண்டுமென்றால்?

செயலுக்கு ட்சு, தகவலுக்கு டஸ். 'ஃபெர்கிஸ் நிஹ்ட், டஸ் மொர்கன் ஃபையர்டாக் இஸ்ட்!' நாளைக்கு விடுமுறைன்னு மறந்துடாதே. அங்கே இது வெறும் பேச்சுக்கான எடுத்துக்காட்டு அல்ல. ஞாயிற்றுக்கிழமைகளிலும் அக்டோபர் 3 போன்ற பொது விடுமுறை நாட்களிலும் பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும், முந்தைய நாளே பால், ரொட்டி வாங்கி வைக்காவிட்டால் சிரமம்.

அன்றாடம் எந்தெந்த நினைவூட்டல்கள் காதில் விழும்?

காலி பாட்டில்கள் முதலிடம். 'ஃபெர்கிஸ் டீ ப்ஃபன்ட்ஃப்லஷன் நிஹ்ட்!' ஒருமுறை பயன்படுத்தும் பாட்டில்களுக்கும் கேன்களுக்கும் 2003 முதல் வைப்புத்தொகை உண்டு. இப்போது ஒவ்வொன்றுக்கும் 25 சென்ட், கடையில் திருப்பிக் கொடுத்தால் பணம் திரும்ப வரும். கடைக்குப் போகிறவர் கையில் அந்தப் பையையும் கொடுத்து அனுப்பாவிட்டால் சமையலறை மூலை நிரம்பிவிடும்.

வருடத்தில் இரண்டு முறை கடிகாரம். மார்ச் கடைசி ஞாயிறு ஒரு மணி நேரம் முன்னால், அக்டோபர் கடைசி ஞாயிறு ஒரு மணி நேரம் பின்னால். முந்தின இரவு 'ஃபெர்கிஸ் நிஹ்ட், டீ ஊர் உம்ட்சுஷ்டெல்லன்!' என்பார்கள். கைபேசி தானாக மாற்றிக்கொள்ளும். சமையலறைச் சுவர்க் கடிகாரம் அப்படியே நிற்கும்.

பிறகு பயணச்சீட்டு. சீட்டில்லாமல் பிடிபட்டால் 60 யூரோ என்பதால் 'ஃபெர்கிஸ் டைன் டிக்கெட் நிஹ்ட்!' என்பதைச் சும்மா சொல்வதில்லை.

எப்போது நிஹ்ட்டுக்குப் பதில் 'கைன்' வரும்?

குறிப்பிட்ட பொருளாக இல்லாமல் பொதுவாகச் சொல்லும்போது. 'கௌஃப் கைனெ மில்ஹ்!' பால் எதுவும் வாங்காதே, வீட்டில் இருக்கிறது. 'அந்தப் பால்' என்று சுட்டினால் நிஹ்ட், 'பாலே வேண்டாம்' என்றால் கைன்.

'ஃபெர்கிஸ் எஸ்' என்று ஒருவர் என்னிடம் சொன்னார். எதை நினைவூட்டினார்?

எதையும் இல்லை. 'ஃபெர்கிஸ் எஸ்!' என்றால் விட்டுத்தள்ளு, நடக்காது. 'ஃபெர்கிஸ் எஸ் நிஹ்ட்!' என்றால் அதை மறந்துடாதே. கடைசியில் வரும் நிஹ்ட்டை விழுங்காமல் தெளிவாகச் சொல்லுங்கள்.

வட்டாரப் பேச்சில் இந்தச் சொல் தேயும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். வடக்கே 'நிஹ்' என்று ஒலிக்கும், பவேரியாவிலும் ஆஸ்திரியாவிலும் 'நெட்', சுவிட்சர்லாந்தில் ஊரைப் பொறுத்து 'நிட்' அல்லது 'ந்யோட்'. சுவிட்சர்லாந்தில் வளரும் ஈழத்தமிழ்ப் பிள்ளைகள் வகுப்பில் நிஹ்ட் என்று எழுதிவிட்டு, விளையாட்டுத் திடலில் நிட் என்று கத்துவார்கள். இரண்டும் சரியே, இடம்தான் வேறு.

யாராவது எனக்கு நினைவூட்டினால் என்ன பதில் சொல்வது?

'யா, மஹ் இஹ்' (சரி, செய்யறேன்) எப்போதும் போதும். 'கைனெ ஸொர்கெ, இஹ் டெங்க் ட்ரன்' (கவலைப்படாதே, ஞாபகம் இருக்கு) இன்னும் இதமானது. உண்மையிலேயே மறந்திருந்தால் 'டங்கெ, ஹெட்டெ இஹ் ஃபஸ்ட் ஃபெர்கெஸன்!' (நல்லவேளை, மறந்தே போயிருப்பேன்) என்று சொல்லுங்கள். நினைவூட்டியவர் முகம் மலரும். ஏ1 என்ற தொடக்கநிலைத் தேர்வின் பேச்சுப் பகுதியில் மூன்றாவதாக வருவது ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வதும் அதற்குப் பதில் சொல்வதும்தான். அங்கேயும் இந்தச் சின்னப் பதில்கள் கைகொடுக்கும்.

நினைவூட்டலுக்கு 'மானுங்' என்று அகராதியில் பார்த்தேன். அதைப் பயன்படுத்தலாமா?

நண்பரிடம் வேண்டாம். மானுங் என்பது கட்டணம் செலுத்தத் தவறியவருக்கு வரும் எச்சரிக்கைக் கடிதம். அன்பான நினைவூட்டலுக்கு 'எரின்னெருங்'. தபால்பெட்டியில் 'மானுங்' என்று தலைப்பிட்ட கடிதம் வந்தால் ஓரமாக வைக்காமல் அன்றே பிரித்துப் படியுங்கள்.

இந்த ஏவல் வடிவத்தை மனதில் பதிய வைக்க ஏதாவது வழி?

ஜெர்மன் மொழியே இரண்டு வழி வைத்திருக்கிறது. ஒன்று, 'மென்ஷ் எர்கெரெ டிஹ் நிஹ்ட்' என்ற பலகை விளையாட்டு. 'மனுஷா, கோபப்படாதே' என்பதுதான் அதன் பெயர். மியூனிக்கில் யோஸெஃப் ஃப்ரீட்ரிஹ் ஷ்மிட் 1907-08 குளிர்காலத்தில் உருவாக்கியது, 1914 முதல் பெருமளவில் தயாரிக்கப்பட்டது. இந்தியாவின் பச்சீஸியிலிருந்து கிளைத்த குடும்பத்தைச் சேர்ந்தது. தாயம் ஆடியவர்கள் பார்த்த உடனே உட்கார்ந்து ஆடலாம். உங்கள் காய் வெட்டுப்படும்போதெல்லாம் எதிராளி அந்தப் பெயரைச் சொல்வார், எதிர்மறை ஏவல் தானாகக் காதில் ஏறும்.

இன்னொன்று ஒரு பூ. ஓடைக்கரைகளிலும் தோட்டங்களிலும் வசந்தத்தில் பூக்கும், விரல்நகத்தைவிடச் சிறியது, ஐந்து நீல இதழ், நடுவில் மஞ்சள் வளையம். அதன் பெயர் 'ஃபெர்கிஸ்மைன்நிஹ்ட்': என்னை மறந்துவிடாதே. இன்று 'என்னை' என்பதற்கு 'மிஹ்' என்பார்கள். அந்தக் காலத்தில் மறத்தல் என்ற வினை ஆறாம் வேற்றுமை கேட்டது, அதனால் 'மைன்'. அந்த வினையோடு இப்போது வராத அந்த வேற்றுமை பூவின் பெயரில் இன்னும் உயிரோடு இருக்கிறது. மே மாதத்தில் அந்தப் பக்கம் போனால், ஓடையோரம் குனிந்து ஒருமுறை பாருங்கள்.